மும்பையில் ஓவியம் படிக்க வந்தாச்சு: ஸ்காலர்ஷிப்புக்கும் பரிசுக்கும் எப்படி எழுதிப் போடுவது

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் எங்கள் வீட்டு மாடிக்கு யாராவது ஒரு பிள்ளை ஃபைலோடு ஏறி வரும். தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய வீடு. மாடி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இரும்பு ஏணியில் ஏறிப்போகும் ஒரு அறை. "அண்ணே, பி.எஃப்.ஏ. (நுண்கலைப் பட்டப்படிப்பு) சீட் கிடைச்சிருச்சு, ஸ்காலர்ஷிப்புக்கு எங்க எழுதணும்?" என்று கேட்டபடியே ஸ்கெட்ச் புத்தகத்தை நீட்டுவார்கள். அதை அப்புறம் பார்க்கலாம் என்று ஓரமாக வைத்துவிட்டு நான் கேட்கும் முதல் கேள்வி: "உங்க தாத்தா எந்த வருஷம் பம்பாய்க்கு வந்தார்?"

திருதிருவென்று விழிப்பார்கள். படம் வரைவதற்கும் தாத்தாவுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. ஓவிய மாணவருக்கு இந்த ஊரில் கிடைக்கக்கூடிய பணம் இரண்டு வகை. உதவித்தொகையை முடிவு செய்வது பெரும்பாலும் காகிதம். பரிசைப் படம் முடிவு செய்கிறது, ஆனால் ஜூரியின் கண்ணில் படம் படும்வரை அங்கேயும் காகிதம்தான். கை நன்றாக ஓடுகிற பிள்ளைகள் இந்தக் காகித வேலையில்தான் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டிருக்கிறேன். அதனால் இந்தக் கட்டுரையில் தூரிகையைவிட ஜெராக்ஸ் கடைதான் அதிகம் வரும்.

முதல் படி: நீங்கள் எந்தக் கணக்கில் வருகிறீர்கள்?

மகாராஷ்டிர அரசின் சாதிச் சான்றிதழுக்குத் தேதி வரம்பு உண்டு. எஸ்.சி. பிரிவுக்கு 1950 ஆகஸ்ட் 10, ஓ.பி.சி. பிரிவுக்கு 1967 அக்டோபர் 13. அந்தத் தேதிக்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிரத்தில் குடியிருந்தது என்று ஆதாரம் காட்டினால்தான் இந்த மாநிலத்தின் இடஒதுக்கீடும் அதைச் சார்ந்த உதவித்தொகையும் கிடைக்கும். போதாததற்கு, உங்கள் சாதியின் பெயர் மகாராஷ்டிரப் பட்டியலிலும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டியலில் இருக்கிற பெயர் இங்கே இல்லாமல் போகலாம்.

திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்த குடும்பங்களில் பலருக்குத் தேதி ஒரு பிரச்சினையே இல்லை, அதற்கு வெகுமுன்பே வந்தவர்கள். ஆனால் வந்ததற்குச் சீட்டு எங்கே? வீட்டில் கேட்டால் "வெள்ளத்துல போச்சு" என்பார்கள். நான் சொல்லும் வழி, பழைய முனிசிபல் தமிழ்ப் பள்ளியின் ரெஜிஸ்டர். தாத்தாவோ அவருடைய அண்ணனோ இரண்டாம் வகுப்புவரை படித்திருந்தாலும் பெயர் இருக்கும். தலைமையாசிரியருக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று நடை நடக்க வேண்டும். போன வருஷம் ஒரு பெண்ணுக்குக் கொள்ளுத்தாத்தா பெயர் கிடைத்தது. 'முத்தையா' என்பது 'மூதய்யா' ஆகியிருந்தது. இருவரும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம் போட்டோம், அது தனிக் கதை.

தேதிக்குப் பிறகு வந்த எஸ்.சி. குடும்பம், அல்லது படிப்பதற்காகவே ஊரிலிருந்து வந்த எஸ்.சி. மாணவர் என்றால் மனம் தளர வேண்டாம். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான மத்திய உதவித்தொகைத் திட்டத்தில், மாணவர் எங்கே படித்தாலும் அவருடைய சொந்த மாநிலம்தான் பணம் தர வேண்டும் என்பது விதி. அதாவது மும்பையில் படித்தாலும் தமிழ்நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இது தெரியாமல் இங்கே ஃபார்ம் போட்டு, நிராகரிக்கப்பட்டு, ஒரு வருஷத்தை இழந்தவர்கள் நிறையப் பேர்.

சாதிக் கணக்கில் வராதவர்களுக்கு ராஜர்ஷி ஷாகு மகாராஜ் பெயரில் ஒரு மாநிலத் திட்டம் இருக்கிறது. வருமான வரம்பு 8 லட்சம். கல்விக் கட்டணத்தில் பாதியை அரசு ஏற்கிறது. இதற்கு டொமிசைல் (இந்த மாநிலத்துக்காரர் என்கிற வசிப்பிடச் சான்றிதழ்) வேண்டும், டொமிசைலுக்கு இங்கே 15 வருஷம் வசித்திருக்க வேண்டும். தொழிற்படிப்பில் சேரும் பெண்களுக்கு, ஓ.பி.சி., இ.டபிள்யூ.எஸ். (பொருளாதாரத்தில் நலிந்தோர்), எஸ்.இ.பி.சி. (சமூக, கல்வி ரீதியாகப் பின்தங்கியோர்) பிரிவுகளில், 2024-25 கல்வியாண்டிலிருந்து முழுக் கல்விக் கட்டணமும் சலுகை. உங்கள் படிப்பும் கல்லூரியும் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். மும்பையின் பழைய ஓவியக் கல்லூரியான ஜே.ஜே. கலைப்பள்ளி 2023-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. சீனியர் சொன்னதை அப்படியே நம்பி இருக்காதீர்கள், அவர் சேர்ந்த காலத்து ஏற்பாடு வேறு.

இரண்டாம் படி: மகாடிபிடியும் அந்த ஒரு பொத்தானும்

மாநிலத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் மகாடிபிடி என்கிற ஒரே அரசு இணையதளம்தான் வாசல். கையில் இருக்க வேண்டியவை: பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்கள், டொமிசைல், சேர்க்கை ஒதுக்கீட்டுக் கடிதம், கட்டண ரசீது, ரேஷன் கார்டு, நடுவில் ஒரு வருஷம் விட்டிருந்தால் அதற்கான பிரமாணப் பத்திரம், அப்புறம் தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழ். அந்தக் கடைசிச் சான்றிதழுக்கு இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் 'தாக்லா'. ஒரு வருஷத் தாக்லா மார்ச் 31-ஓடு காலாவதி. பிப்ரவரியில் அவசரமாக வாங்கி வைத்துக்கொண்டு ஜூலையில் நீட்டினால் க்ளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஹா ஜுனா ஆஹே" (இது பழசு) என்று திருப்பித் தள்ளுவார். ஏப்ரல் பிறந்ததும் அரசுச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கும் சேது மையத்துக்குப் போய் வாங்குங்கள். அப்போது கூட்டமும் குறைவு.

இனி நான் கோட்டை விட்ட கதை. இரண்டாம் வருஷம் விண்ணப்பம் பாஸ் ஆகி, பணம் போட்டாயிற்று என்று திரையில் காட்டியது. என் பாஸ்புக்கில் வரவில்லை. மூன்று வாரம் அலைந்த பிறகுதான் புரிந்தது: ஆதார் வழியாக வரும் பணம், ஃபார்மில் எழுதிய கணக்கைப் பார்ப்பதில்லை. கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைத்தீர்களோ அங்கே போகும். நான் எப்போதோ தெருமுனையில் போட்ட ஒரு முகாமில் ஜீரோ பேலன்ஸ் கணக்கு திறந்து மறந்தே போயிருந்தேன். பணம் அந்தத் தூங்கும் கணக்கைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. விண்ணப்பிப்பதற்கு முன்பே ஆதார் இணையதளத்தில் உங்கள் எண் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.

இன்னொன்று. விண்ணப்பம் அங்கீகாரம் ஆனதும் பணம் தானாக வந்துவிடாது. உள்ளே போய் 'ரிடீம்' என்கிற பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும். அழுத்தாமல் அடுத்த வருஷம்வரை காத்திருந்த பையனை எனக்குத் தெரியும். கல்லூரியில் சரிபார்க்கும் க்ளார்க் ஏதாவது குறை கண்டு 'சென்ட் பேக்' (திருத்தத் திருப்பி அனுப்புவது) போட்டாலும் உங்களைத் தேடி வந்து சொல்ல மாட்டார். வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

மூன்றாம் படி: டெல்லியிலிருந்து வரும் பணம்

ஊரிலிருந்து இப்போதுதான் வந்தவர்களுக்கு இதுதான் நல்ல வழி, டொமிசைல் தொல்லை இல்லை.

தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில், பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு ஒரு திட்டம் இருக்கிறது. வருமானம் 4.5 லட்சத்துக்குள். பட்டப்படிப்பின் முதல் மூன்று வருஷம் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலைக்கு 20,000. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவர் மும்பையில் படித்தாலும் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில்தான் வருவார். பி.எஃப்.ஏ. போன்ற பட்டத்துக்கு மட்டும்தான் இது. ஃபவுண்டேஷன், ஏ.டி.டி. (ஓவிய ஆசிரியர் பயிற்சி) மாதிரி டிப்ளமோக்களுக்குக் கிடையாது. வேறு உதவித்தொகை வாங்கிக்கொண்டே இதையும் வாங்க முடியாது, எது பெரிசு என்று கணக்குப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை. ஓவிய மாணவருக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம். வயது 18 முதல் 25 வரை. மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருஷம். ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாக நான்கு தவணைகளில் தருவார்கள். நாடு முழுக்க எல்லாக் கலைகளுக்கும் சேர்த்து 400 பேர். ஓவியம், சிற்பம், கிராஃபிக்ஸ், புகைப்படம், மண்பாண்டம் எல்லாம் இதில் வரும். குறைந்தது ஐந்து வருஷப் பயிற்சி இருக்க வேண்டும் என்பதைப் படித்துவிட்டு முதலாண்டு மாணவர்கள் பின்வாங்குவார்கள். பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியாரிடம் படித்தது, எலிமென்டரி, இன்டர்மீடியட் என்கிற அரசு டிராயிங் தேர்வு எழுதியது, கோடைப் பயிற்சி, எல்லாவற்றையும் வருஷ வாரியாக எழுதி அந்த ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள். நேர்காணலுக்கு அசல் படங்களை எடுத்துக்கொண்டு போக வேண்டும். தொகை கிடைத்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தேன் என்று அறிக்கை தர வேண்டும், அது இல்லையென்றால் அடுத்த தவணை நிற்கும்.

நான்காம் படி: கண்காட்சிப் பரிசுகள்

மும்பைக்கு ஒரு வசதி உண்டு. ஓவியத்துக்குப் பரிசு கொடுக்கும் பழக்கம் இங்கே மிகப் பழையது. பாம்பே ஆர்ட் சொசைட்டி 1888-இல் தொடங்கியது. 1937-இல் அம்ரிதா ஷெர்-கில் அதன் தங்கப் பதக்கத்தை வாங்கினார், மூன்று பெண்கள் உட்கார்ந்திருக்கும் அந்தப் படத்துக்கு. ஜே.ஜே.யில் படித்த எஸ்.எச். ரசா பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் 1950-இல் பாரிஸ் போனார். இன்றைக்கும் சொசைட்டியின் அகில இந்தியக் கண்காட்சியில் மாணவர்களுக்கென்று தனிப்பிரிவு இருக்கிறது. ஆர்ட் சொசைட்டி ஆஃப் இந்தியா 1918-இல் வந்தது, அதுவும் வருஷா வருஷம் நடத்துகிறது. மகாராஷ்டிர அரசின் கலை இயக்ககம் நடத்தும் மாநிலக் கண்காட்சியிலும் மாணவர் பிரிவு தனி. அதற்குக் கல்லூரி வழியாகப் போக வேண்டும், நோட்டீஸ் போர்டில் ஓரமாக ஒட்டியிருப்பார்கள். பிரஃபுல்லா டஹாணுகர் பெயரிலான அறக்கட்டளையின் 'கலானந்த்' போட்டிக்கு ஆன்லைனிலேயே படம் அனுப்பலாம். கொச்சி பியனாலே என்கிற பெரிய கலைக் கண்காட்சியோடு சேர்ந்து நடக்கும் மாணவர் பியனாலே இன்னொன்று. அது தனிப் படத்தைவிட ஒரு யோசனையைத் தேடும் இடம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் உங்கள் கல்லூரியின் வருடாந்திரக் கண்காட்சி. அதை லேசாக எண்ணாதீர்கள். முதல் பரிசு அங்கேதான் கிடைக்கும், அந்தச் சான்றிதழ்தான் அடுத்த ஃபார்மில் முதல் வரி ஆகும். ஜஹாங்கீர் ஆர்ட் கேலரியில் தனியாகக் கண்காட்சி வைக்கப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஒரு மாணவரின் படம் அந்தச் சுவரில் ஏறுவதற்கு இந்தக் கூட்டுக் கண்காட்சிகள்தான் குறுக்குவழி.

ஐந்தாம் படி: படத்தை அனுப்பத் தயார் செய்வது

முதல் சுற்று பெரும்பாலும் புகைப்படத்தில்தான் நடக்கிறது. அதனால் கெட்ட புகைப்படம் நல்ல படத்தைக் கொன்றுவிடும். எங்கள் சந்தில் காலை ஒன்பது மணிவாக்கில் வெயில் நேரே விழாது, ஆனால் வெளிச்சம் தாராளமாக இருக்கும். அப்போது படத்தைச் சுவரில் நேராகச் சாய்த்து, போனைப் படத்தின் நடுப்பகுதியின் உயரத்துக்குப் பிடிக்க வேண்டும். கிட்டப் போய் எடுத்தால் ஓரங்கள் வயிறு தள்ளும். நாலடி பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். எண்ணெய் வண்ணம் பளபளத்தால் எதிர்ப்பக்கம் ஒரு கறுப்புப் போர்வையை இரண்டு பேரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், பளபளப்பு அடங்கும். டியூப்லைட்டின் கீழ் எடுக்கவே கூடாது, மஞ்சள் எல்லாம் பச்சை ஆகிவிடும். எடுத்த பிறகு சுவர், தரை, உங்கள் கால்விரல் எதுவும் தெரியாமல் வெட்டுங்கள். கால்விரல் தெரிந்த படங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அளவு எழுதும்போது உயரம் முதலில், அகலம் அடுத்து. என் நண்பன் ஒருவன் படுக்கைவாக்கில் இருந்த தன் அரூப ஓவியத்துக்கு அளவை மாற்றி எழுதிவிட்டான். கண்காட்சியில் அதை நிமிர்த்தி மாட்டிவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு வந்த அவன் அம்மா, "நல்லாத்தான்டா இருக்கு" என்றார். அவனுக்கு இன்றுவரை ஆறவில்லை. படத்தின் பின்னால் பெயர், தலைப்பு, ஊடகம், அளவு, விலை எழுதி, மேல்பக்கம் எது என்று அம்புக்குறியும் போடுங்கள். பின்பக்கம் இரண்டு வளையத் திருகாணி, நடுவில் கம்பி. இதெல்லாம் இல்லாத படத்தை வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். வண்ணம் காயாமல் கொண்டுபோவதும் அப்படித்தான், எண்ணெய் வண்ணக்காரர்கள் கெடு தேதிக்கு மூன்று வாரம் முன்பாவது தூரிகையைக் கீழே வையுங்கள்.

விலைக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். விற்பனை ஆனால் நடத்துபவர்கள் கமிஷன் பிடிப்பார்கள், அது எத்தனை சதவீதம் என்று ஃபார்மில் தேடிப் படித்து, அதையும் ஃப்ரேம் செலவையும் சேர்த்துப் போடுங்கள்.

அடுத்து கான்செப்ட் நோட், அதாவது படம் எதைப் பற்றியது என்று எழுதித் தரும் குறிப்பு. பிள்ளைகள் நடுங்கும் இடம் இதுதான். "மனித இருப்பின் சிக்கலான அடுக்குகளை என் படைப்பு ஆராய்கிறது" என்று எங்கிருந்தோ எடுத்து எழுதி வருவார்கள். நான் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தமிழில் பேசச் சொல்வேன். ஒரு பெண் பேச ஆரம்பித்தாள்: "எங்க தாத்தா தோல் பட்டறையில உப்பு தடவுவாங்க. கை எப்பவும் வெடிச்சிருக்கும். அந்த வெடிப்பைத்தான் வரைஞ்சேன். சிவப்பு கிடையாது, உப்பு காஞ்ச வெள்ளை." அவ்வளவுதான், அதுதான் நோட். அதை அப்படியே எளிய ஆங்கிலத்தில் ஆறு வரியாக எழுதினோம். எந்தப் பொருள், ஏன் அந்த நிறம், என்ன ஊடகம், எவ்வளவு நாள். இது போதும். உங்கள் வீட்டில் நடந்ததை உங்களைவிடத் தெரிந்த ஜூரி யாரும் இல்லை.

எதற்கு எழுதக் கூடாது?

வாட்ஸ்அப்பில் வரும் 'சர்வதேச விருது' அழைப்புகளுக்கு. நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். நுழைவுக் கட்டணம் கட்டினேன், "வாழ்த்துகள், தங்க விருது!" என்று பதில் வந்தது, கோப்பையை அனுப்ப கூரியர் காசு தனியாகக் கேட்டார்கள். என் வகுப்பில் எழுதிப்போட்ட பதினோரு பேருக்கும் தங்கம். நல்ல போட்டி என்றால் ஜூரி யார் யார் என்று பெயர் போட்டிருப்பார்கள், போன வருஷம் பரிசு வாங்கிய படங்களைப் பார்க்க முடியும், தோற்றவர்களும் இருப்பார்கள். நியாயமான கண்காட்சிகளிலும் நுழைவுக் கட்டணம் உண்டு. அதில் தப்பில்லை, மாணவருக்குக் குறைவாகத்தான் வைப்பார்கள். கல்லூரி அடையாள அட்டையின் நகலை மறக்காதீர்கள்.

வெளிநாட்டில் மேற்படிப்பு என்றால் மும்பையிலேயே கதவுகள் உண்டு. ஜே.என். டாட்டா அறக்கொடை 1892-இலிருந்து இருக்கிறது, ஆனால் அது கடன் உதவித்தொகை, திருப்பிக் கட்ட வேண்டும். கே.சி. மஹிந்திரா அறக்கட்டளையும் வட்டியில்லாக் கடன்தான் தருகிறது. இன்லாக்ஸ் சிவதாசானி அறக்கட்டளை திருப்பிக் கேட்காத தொகை தருகிறது, இந்தியாவிலேயே வேலை செய்யும் இளம் ஓவியர்களுக்கும் தனி விருது வைத்திருக்கிறது. இதெல்லாம் மூன்றாம் வருஷத்தில் யோசிக்க வேண்டிய விஷயம், இப்போதே தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடைசிப் படி: கொண்டுபோய்க் கொடுத்து, திருப்பி எடுத்து வருவது

மூன்றுக்கு நாலடி கேன்வாஸை டாக்சியில் ஏற்ற முடியாது, டெம்போ கட்டுப்படியாகாது. லோக்கலில் லக்கேஜ் டப்பாதான் நமக்கு. சயானில் ஏறி சி.எஸ்.எம்.டி.யில் (பழைய வி.டி. ஸ்டேஷன்) இறங்குங்கள், காலை எட்டிலிருந்து பதினொன்றுவரை வேண்டவே வேண்டாம். இரண்டு படம் என்றால் முகத்தோடு முகம் வைத்து, நாலு மூலையிலும் தெர்மாகோல் துண்டு செருகிக் கட்டுங்கள். பபிள் ராப்புக்குக் கடையில் மீட்டர் கணக்கில் காசு கொடுக்காதீர்கள், தாராவி பதிமூன்றாம் காம்பவுண்டில் நான் பழையதைக் கிலோ கணக்கில் வாங்கியிருக்கிறேன். மழைக்காலத்தில் அதன் மேல் ஒரு நீலத் தார்ப்பாயும் வேண்டும். மீன் கூடைக்காரம்மாக்கள் பக்கத்தில் நிற்பார்கள், படத்தைக் கதவுப் பக்கம் வைக்காமல் உள்சுவரில் சாய்த்துவிட்டு நீங்கள் முன்னால் நின்றுகொள்ளுங்கள்.

கொடுத்ததும் ரசீது வாங்கிப் போனில் படம் எடுத்து வையுங்கள். அந்த ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டிய தேதியும் நேரமும் இருக்கும். தேர்வாகாத படங்களுக்கு ஒரு தேதி, காட்சிக்கு வைத்த படங்களுக்கு இன்னொரு தேதி. தவறினால் அவர்கள் பொறுப்பில்லை. தேர்வாகவில்லை என்ற கோபத்தில் பலர் போகவே மாட்டார்கள். போங்கள், அதே ரசீதோடு, அதே லக்கேஜ் டப்பாவில். அந்த ஃப்ரேமுக்கு நீங்கள் கொடுத்த காசை நினைத்துப் பாருங்கள், அடுத்த கண்காட்சியின் ஃபார்ம் அனேகமாக அதே வாரத்தில் வந்துவிடும்.